அத்தியாயம் 4: வேலைக்குப் பக்கமா, நண்பர்களுக்குப் பக்கமா?

சென்னையில் வேலை கிடைத்துவிட்டது என்று சொன்ன மறுநாளே இரண்டு பேர் உங்களுக்கு வீட்டை முடிவு செய்துவிடுவார்கள். ஒருவர் ஊரில் இருக்கும் அப்பா. "ஆபீஸுக்குப் பக்கத்துலயே பாருப்பா, அலைச்சல் இருக்காது" என்பார். இன்னொருவர் உங்களுக்கு முன்பே சென்னைக்கு வந்துவிட்ட கல்லூரித் தோழர். "மச்சான், நீ எதுக்குடா வீடு தேடுற? நம்ம ரூம்ல ஒரு கட்டில் காலியாத்தான் கெடக்கு, வந்துரு" என்பார். இருவரும் நல்லெண்ணத்தில்தான் சொல்கிறார்கள். ஆனால் இருவரில் ஒருவரும் காலை எட்டரை மணிக்கு உங்கள் அலுவலகம் இருக்கும் சாலையில் நின்று பார்த்ததில்லை.

தனியாக வருகிறவர்களுக்கும், பிள்ளை இல்லாத தம்பதிகளுக்கும் எழுதப்பட்ட அத்தியாயம் இது. பள்ளிக்கூடம் போகும் பிள்ளை இருந்தால் பள்ளிதான் வீட்டைத் தீர்மானிக்கும்; அங்கே இந்தக் கேள்விக்கே இடமில்லை.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்வோம். வேலைக்கும் வீட்டுக்கும் உள்ள தூரமும், நண்பருக்கும் வீட்டுக்கும் உள்ள தூரமும் ஒரே கணக்கில் அடங்குபவை அல்ல. வேலைத் தூரம் கூடக் கூடக் கொஞ்சம் கொஞ்சமாக வலிக்கும். பத்து நிமிடம் கூடினால் பத்து நிமிடத்துக்கான வலி. நண்பர் தூரம் அப்படி இல்லை. ஓர் எல்லைவரை அது தூரமாகவே தெரியாது. அந்த எல்லையைத் தாண்டிவிட்டால் எட்டு கிலோமீட்டரும் ஒன்றுதான், இருபத்தெட்டும் ஒன்றுதான். இந்த வேறுபாட்டை விட்டுவிட்டு இரண்டையும் ஒரே தராசில் வைப்பதால்தான் பலர் இரண்டுக்கும் நடுவில் ஒரு வீட்டைப் பிடித்து, இரண்டையும் இழக்கிறார்கள்.

வேலைத் தூரத்தை எப்படி அளப்பது

கிலோமீட்டரை மறந்துவிடுங்கள். தாம்பரத்திலிருந்து கிண்டிக்கு உள்ள தூரமும், ஓ.எம்.ஆர். எனப்படும் பழைய மகாபலிபுரம் சாலையில் பெருங்குடியிலிருந்து சிறுசேரிக்கு உள்ள தூரமும் ஏறக்குறைய ஒன்றுதான். முதலாவதை மின்சார ரயில் அரை மணி நேரத்துக்குள் கடந்துவிடும். கூட்டம் நெரிக்கும், ஆனால் நேரம் பெரிதாக மாறாது. இரண்டாவதில் எந்த நாளில் எவ்வளவு ஆகும் என்று யாராலும் உறுதி சொல்ல முடியாது. மழை பெய்தால் ஒன்று, மெட்ரோ பணிக்காகத் தடுப்பை நகர்த்திவைத்தால் வேறொன்று.

அளக்க வேண்டியது, வீட்டுக் கதவைப் பூட்டும் நேரத்திலிருந்து இருக்கையில் உட்காரும் நேரம்வரை. நிறுத்தத்துக்கு நடப்பது, பேருந்துக்குக் காத்திருப்பது, இறங்கி ஷேர் ஆட்டோ பிடிப்பது, வளாக வாசலில் பையைச் சோதிப்பது, லிஃப்ட் வரிசையில் நிற்பது எல்லாம் இதில் சேரும். சிறுசேரி சிப்காட்டில் உள்ள பெரிய வளாகங்களில் வாசலுக்கும் உங்கள் கட்டடத்துக்கும் இடையிலேயே நல்ல நடை இருக்கிறது. வரைபடச் செயலி காட்டும் நிமிடங்களில் இதெல்லாம் வராது.

இப்போது மாதக் கணக்கைப் பாருங்கள். போக ஒன்றேகால் மணி, வர ஒன்றேகால் மணி. மாதம் 22 வேலைநாள் என்றால் 55 மணி நேரம். அதுவே ஒரு வழிக்கு அரை மணியாக இருந்தால் 22 மணி நேரம். வித்தியாசம் 33 மணி. சம்பளமில்லாமல் நான்கு வேலைநாள் கூடுதலாக உழைத்ததற்குச் சமம்.

"அதுக்குத்தான் வாடகை கம்மியா இருக்கே" என்று மனசு சமாதானம் சொல்லும். பொருளியல் அறிஞர்களும் நெடுங்காலம் அப்படித்தான் நினைத்தார்கள்: தொலைவிலிருந்து வேலைக்கு வருகிறவர் அதற்கு ஈடாக நல்ல வீட்டையோ நல்ல சம்பளத்தையோ பெற்றிருப்பார், இல்லாவிட்டால் ஏன் வருகிறார் என்பது அவர்கள் தர்க்கம். சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த அலோயிஸ் ஸ்டட்சர், புரூனோ ஃபிரை என்ற இருவரும் ஜெர்மனியில் ஆண்டுதோறும் எடுக்கப்படும் குடும்பக் கணக்கெடுப்பை வைத்து இதைச் சோதித்தார்கள். 2008-இல் வெளியான அவர்கள் கட்டுரையின் முடிவு எளிமையானது: பயண நேரம் கூடக் கூட, வாழ்க்கையில் நிறைவு குறைவதாகவே மக்கள் சொல்கிறார்கள், வீடும் சம்பளமும் அதை ஈடுகட்டவில்லை. வீடு பார்க்கும் நாளில் கூடுதல் அறையும் காற்றோட்டமான பால்கனியும் கண்ணில் படுகின்றன. பயணம் படுவதில்லை. பால்கனியில் உட்கார நேரம் இல்லை என்பது பிறகுதான் தெரியவரும்.

ஒரு வழிக்கு 45 நிமிடம் என்பதை நான் மேல்வரம்பாக வைப்பேன். மின்சார ரயில், மெட்ரோ போன்று நேரம் மாறாத வண்டியில் உட்கார்ந்து போக முடியுமானால் ஒரு மணிவரை தாங்கும். இரண்டு இடத்தில் வண்டி மாற வேண்டியிருந்தால் 45 நிமிடமே அதிகம்.

நண்பர் தூரம்: இருபது நிமிடம்

நண்பர்களுக்குப் பக்கத்தில் இருப்பது என்றால் என்ன? ஞாயிற்றுக்கிழமை சேர்ந்து படம் பார்ப்பதற்குப் பக்கத்தில் இருக்கத் தேவையில்லை. அதற்கு ஆவடியிலிருந்தும் வரலாம், கேளம்பாக்கத்திலிருந்தும் வரலாம். பக்கத்தில் இருப்பதன் பயன் புதன்கிழமை இரவு எட்டரை மணிக்குத் தெரியும். காய்ச்சலில் படுத்திருக்கும்போது ஒருவர் கஞ்சியோடு வந்து நிற்பது, சாவியை உள்ளே வைத்துப் பூட்டிவிட்டால் அவர் அறையில் போய்ப் படுப்பது, மேலாளரிடம் திட்டு வாங்கிய நாளில் திட்டமே இல்லாமல் இட்லிக் கடையில் அரை மணி உட்கார்ந்துவிட்டு வருவது. இதெல்லாம் முன்கூட்டி நாள் குறித்துச் செய்வதில்லை. நாள் குறிக்க வேண்டிய நிலை வந்துவிட்டாலே நண்பர் தூரம் எல்லையைத் தாண்டிவிட்டது என்று பொருள்.

அந்த எல்லை, என் கணிப்பில், நடந்தோ இருசக்கர வண்டியிலோ இருபது நிமிடம். அதற்குள் இருந்தால் "கீழ வா, டீ குடிக்கலாம்" என்று கூப்பிடலாம். அதைத் தாண்டினால் "இந்த வாரம் பார்ப்போமா?" ஆகிவிடும். அதன்பின் தூரம் எவ்வளவானாலும் வார இறுதிதான்.

இது சென்னைக்கு மட்டும் உள்ள குணம் இல்லை. அமெரிக்காவில் எம்.ஐ.டி. மாணவர் குடியிருப்பான வெஸ்ட்கேட்டில் லியோன் ஃபெஸ்டிங்கரும் அவருடைய சகாக்களும் செய்த ஆய்வு 1950-இல் நூலாக வந்தது. அங்கே யாருக்கு எந்த வீடு என்பதைக் குடிவந்தவர்கள் தேர்ந்தெடுக்கவில்லை. ஆனாலும் அடுத்த கதவுக்காரரோடு நட்பானவர்கள் மிகுதி. அதே மாடியில் நான்கு கதவு தள்ளி இருப்பவரோடு நட்பானவர்கள் குறைவு. சில அடி தூரமே வித்தியாசம் செய்கிறது. மாடிப்படிக்குப் பக்கத்திலும் தபால்பெட்டிக்குப் பக்கத்திலும் இருந்தவர்களுக்குப் பழக்கம் இன்னும் கூடுதலாகக் கிடைத்தது.

சென்னையில் ஒரு நண்பரும் இல்லாமல் வருகிறவர் என்றால் இன்னொரு கணக்கும் தேவை. கன்சாஸ் பல்கலைக்கழகத்தின் ஜெஃப்ரி ஹால் 2018-இல் வெளியிட்ட ஆய்வின்படி, தெரிந்தவர் ஒருவர் சாதாரண நண்பராக மாறச் சேர்ந்து செலவிடும் நேரம் ஏறக்குறைய 50 மணி; நெருங்கிய நண்பராக 200 மணிக்கு மேல். அந்த மணிகள் எங்கிருந்து வரும்? மாதம் 55 மணியைப் பேருந்துக்குக் கொடுத்துவிட்டவரிடம் மிச்சம் இருக்காது. ஆகவே யாரையும் அறியாமல் வருகிறவர் வேலைக்குப் பக்கத்தில் வீடு எடுப்பது, தனிமையைத் தேர்ந்தெடுப்பதாக ஆகிவிடாது. புது நட்புக்கு வேண்டிய நேரத்தை அவர் அப்படித்தான் மிச்சம் பிடிக்க முடியும்.

ஆனால் பக்கத்தில் மனிதர்கள் நடமாடும் தெரு இருக்க வேண்டும். ஓ.எம்.ஆரில் நாவலூரைத் தாண்டிய சில அடுக்குமாடிக் குடியிருப்புகளில் அலுவலகம் பத்து நிமிடத்தில் இருக்கும். கேட்டுக்கு வெளியே வந்தால் நடைபாதை இருக்காது, கடை இருக்காது. இரவு ஒன்பது மணிக்கு மேல் தெருவிளக்கும் நாய்களும்தான். அங்கே நீச்சல்குளம் இருப்பதால் நட்பு வந்துவிடாது. அதே சாலையில் கந்தன்சாவடி, பெருங்குடி, துரைப்பாக்கம் ஆகியவற்றின் உள்தெருக்கள் வேறு மாதிரி. மெஸ், இஸ்திரிக்கடை, பால்பூத், டீக்கடை எல்லாம் உண்டு. நான்காம் நாள் டீக்கடைக்காரர் உங்களுக்குச் சர்க்கரை எவ்வளவு என்று தெரிந்துவைத்திருப்பார். புதிதாக வருகிறவருக்கு அந்தத் தெருதான் நல்லது.

நடுவில் எடுக்கும் வீடு

இனி ஓர் உதாரணம். அலுவலகம் சிறுசேரி. நண்பர்கள் அண்ணா நகர். இரண்டுக்கும் இடையே முப்பது கிலோமீட்டருக்கு மேல். வருகிறவர் வரைபடத்தைப் பார்க்கிறார். வேளச்சேரி ஏறத்தாழ நடுவில் தெரிகிறது. பறக்கும் ரயில் இருக்கிறது, கோயம்பேட்டிலிருந்து வரும் 570 அந்த வழியாகத்தான் ஓ.எம்.ஆருக்குப் போகிறது, பெரிய மால் இருக்கிறது, சாப்பாட்டுக் கடைகளுக்குக் குறைவில்லை. முன்பணம் கொடுத்துவிடுகிறார்.

இப்போது அவர் கையில் என்ன இருக்கிறது? சிறுசேரிக்குப் போக இன்னமும் இருபது கிலோமீட்டர். நெரிசல் நேரத்தில் ஒரு மணியும் ஆகும், அதற்கு மேலும் ஆகும். அண்ணா நகருக்குப் போக இருசக்கர வண்டியில் கிண்டி, அசோக் பில்லர், வடபழனி என்று ஒவ்வொரு சிக்னலிலும் நின்று போக வேண்டும். இருபது நிமிட எல்லையை எப்போதோ தாண்டிவிட்டார். ஆகவே நண்பர்களை வார இறுதியில்தான் பார்க்கிறார். சிறுசேரிக்குப் பக்கத்திலேயே இருந்திருந்தாலும் வார இறுதியில்தான் பார்த்திருப்பார்! நண்பர்களுக்காகத்தான் தினமும் இந்த அலைச்சல் என்று அவர் நினைத்துக்கொண்டிருக்கிறார். அந்த அலைச்சலால் அவருக்கு ஒரு மாலைகூடக் கூடுதலாகக் கிடைக்கவில்லை. ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால்.

வேளச்சேரி மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. அலுவலகம் தரமணியிலோ கிண்டியிலோ இருந்தால் அது முதல்தரமான இடம். குறை வேளச்சேரியிலில்லை, நடுப்புள்ளி தேடும் புத்தியில் இருக்கிறது. நண்பர்களின் இருபது நிமிட வட்டத்துக்குள் போகுங்கள். அல்லது அதை விட்டுவிட்டு வேலைக்கு எவ்வளவு பக்கமாகப் போக முடியுமோ அவ்வளவு போகுங்கள். பாதிக்குப் பாதி வேண்டாம்.

ஒரே தடமாக இருந்தால்

இந்த விதிக்கு ஒரு பெரிய விலக்கு உண்டு. வேலையும் நண்பரும் ஒரே ரயில் தடத்தில் இருந்தால், நண்பர் பக்கமே போய்விடலாம்.

அண்ணா நகர் நண்பர்களையே எடுத்துக்கொள்ளுங்கள். அலுவலகம் சிறுசேரிக்குப் பதில் கிண்டித் தொழிற்பேட்டையில் இருந்தால் கேள்வியே மாறிவிடுகிறது. அண்ணா நகர் டவரில் ஏறினால் ஈக்காட்டுத்தாங்கலில் இறங்கலாம். பச்சைத் தடம், வண்டி மாற வேண்டியதில்லை. குரோம்பேட்டையிலோ தாம்பரத்திலோ நண்பர்கள் இருந்து, வேலை நுங்கம்பாக்கத்தில் என்றால், கடற்கரை மின்சார ரயிலில் மாதச் சீட்டு எடுத்துவிட்டால் போதும். வேலை டைடல் பார்க்கில், நண்பர்கள் மயிலாப்பூரிலோ திருவல்லிக்கேணியிலோ இருந்தால் பறக்கும் ரயில். திருவான்மியூர் நிலையத்தில் இறங்கினால் டைடல் பார்க் பக்கத்திலேயே இருக்கிறது. பறக்கும் ரயிலில் ஒரு குறை: இரவில் பல நிலையங்கள் ஆளரவமற்றுக் கிடக்கும். தாமதமாக வேலை முடிகிறவர்கள், குறிப்பாகப் பெண்கள், ஒருநாள் இரவு ஒன்பதரைக்கு அந்தப் படிகளில் துணையோடு ஏறி இறங்கிப் பார்த்துவிட்டு முடிவு செய்வது நல்லது.

ஓ.எம்.ஆரைப் பொறுத்தவரை, இரண்டாம் கட்ட மெட்ரோவில் ஒரு தடம் மாதவரத்திலிருந்து சிறுசேரி சிப்காட்வரை திட்டமிடப்பட்டுப் பணி நடந்துவருகிறது. "மெட்ரோ வந்துட்டா பதினைஞ்சு நிமிஷம் சார்" என்று புரோக்கர் சொல்வார். வந்த பிறகு அந்த வீட்டைப் பாருங்கள். வராத ரயிலுக்கு இன்றைக்கே வாடகையைக் கூட்டிவைத்திருப்பார்கள்.

தொழிற்சாலை வேலைக்காரர்களுக்கு இந்தப் பகுதி கொஞ்சம் எளிது. ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் ஆலைகள் பலவற்றுக்கும் கம்பெனி பஸ் உண்டு. ஆலைக்குப் பக்கத்தில் தங்கிச் சலிப்படைவதைவிட, பஸ் வரும் வழியில் நண்பர்கள் எங்கே இருக்கிறார்கள் என்று பார்ப்பது மேல். பஸ்ஸில் தூங்கிக்கொண்டே போகலாம். பணியில் சேரும்போதே பஸ் தடங்களின் பட்டியலைக் கேட்டு வாங்குங்கள். ஷிஃப்டுக்கு ஷிஃப்ட் தடம் மாறுமா என்பதையும் கேளுங்கள்.

எது முதலில் கலையும்?

வேலைக்காக வீடு எடுத்தால் வேலை அங்கேயே இருக்க வேண்டும். நண்பருக்காக எடுத்தால் நண்பர் அங்கேயே இருக்க வேண்டும். இரண்டும் நிச்சயமில்லை.

ஐ.டி. நிறுவனத்தில் சேருகிறவருக்கு, பணிக்கடிதத்தில் உள்ள முகவரி பயிற்சிக்கான முகவரியாக மட்டும் இருக்கக்கூடும். பயிற்சி முடிந்து பிராஜெக்ட் கிடைக்கும்போது அதே நிறுவனத்தின் வேறொரு கட்டடத்துக்கு, சில சமயம் வேறு ஊருக்கே, அனுப்புவார்கள். பிராஜெக்ட் கிடைக்காமல் 'பெஞ்சில்' உட்கார்ந்திருக்கும்போது ஓராண்டு வீட்டு ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுவது அவசரம். சேர்ந்த வாரத்தில் டீம் லீடிடம் மூன்று விஷயம் கேட்டுவிடுங்கள்: வாரத்தில் எத்தனை நாள் அலுவலகம் வர வேண்டும், இந்த பிராஜெக்ட் இந்தக் கட்டடத்திலேயே நடக்குமா, ஷிஃப்ட் உண்டா. கூச்சப்பட வேண்டாம். "வீடு பாக்கணும் சார், அதான் கேக்குறேன்" என்றால் யாரும் தவறாக நினைக்க மாட்டார்கள்.

முதல் கேள்விக்கான பதில் கணக்கையே புரட்டிவிடும். வாரம் இரண்டு நாள் மட்டும் போனால் போதும் என்றால், ஒன்றேகால் மணிப் பயணம்கூட மாதத்துக்கு 20 மணிக்குச் சற்று மேல்தான். அப்போது தயங்காமல் நண்பர் பக்கம் போகலாம். என்ன, இரண்டு நாள் என்பது எப்போது வேண்டுமானாலும் ஐந்து நாள் ஆகலாம். கொரோனாவுக்குப் பிறகு ஊரிலிருந்தே வேலை பார்த்தவர்களை நிறுவனங்கள் ஒவ்வொன்றாகத் திரும்பக் கூப்பிட்டதை எல்லோரும் பார்த்தோம்.

நண்பர்களிடமும் கேட்க வேண்டும். இதை யாரும் கேட்பதில்லை. "டேய், இந்த வீட்ட எவ்வளவு நாள் வச்சிருப்பீங்க? யாருக்காவது பொண்ணு பாக்குறாங்களா? யாராவது ஆன்சைட் போறீங்களா?" மூன்று பேர் இருக்கும் வீட்டில் ஒருவருக்கு நிச்சயதார்த்தம் என்றால் ஆறு மாதத்தில் வாடகைப் பங்கு கூடும், ஓராண்டில் வீடே கலையும். நீங்கள் நண்பர்களுக்குப் பக்கத்தில் இருப்பதாக நினைத்துக்கொண்டு, அவர்கள் காலிசெய்த பகுதியில் தனியாக இருப்பீர்கள்.

இதிலேயே இன்னொன்று: நண்பரோடு ஒரே வீட்டில் இருப்பதும், நண்பருக்குப் பக்கத்தில் இருப்பதும் வேறு வேறு. கல்லூரி விடுதியில் ஒத்துப்போனவர்கள் எல்லோரும் சிலிண்டர் செலவிலும் பாத்திரம் கழுவுவதிலும் ஒத்துப்போவார்கள் என்று சொல்ல முடியாது. பகல் வேலைக்காரரும் இரவு ஷிஃப்ட்காரரும் ஒரே அறையில் இருந்தால் இருவருக்கும் தூக்கம் இல்லை. பக்கத்துத் தெருவில் அறை கிடைத்தால் அதை எடுங்கள். நட்பும் மிஞ்சும், அலமாரியும் உங்களுடையதாக இருக்கும்.

யாருக்கு எது

இரவு ஷிஃப்ட், அல்லது மாறி மாறி ஷிஃப்ட்: வேலைக்குப் பக்கம். இதில் எனக்கு இரண்டாம் கருத்து இல்லை. இரவு வேலை பார்க்கும் பெண்களுக்கு நிறுவனமே வண்டி ஏற்பாடு செய்ய வேண்டும். ஆனால் அந்த வண்டி ஐந்து பேரைச் சுற்றி இறக்கிவிட்டுத்தான் உங்கள் வீட்டுக்கு வரும். வேலைக்குப் பக்கத்தில் இருந்தால் முதல் ஆளாக இறங்கலாம்.

புதிதாக நகரத்துக்கு வரும் இருபத்திரண்டு வயதுக்காரர், முதல் வேலை, உண்மையிலேயே நெருங்கிய நண்பர்கள் இரண்டு பேராவது ஓரிடத்தில் இருக்கிறார்கள், பயணம் ஒரு மணிக்குள்: நண்பர் பக்கம். முதல் ஆண்டில் நகரம் கைகொடுக்காத நாட்கள் நிறைய வரும். "நெருங்கிய" என்பதற்கு ஒரு சோதனை உண்டு. இரவு பதினொரு மணிக்கு ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும் என்றால் அவர் வண்டியை எடுப்பாரா? வாட்ஸ்அப் குழுவில் முப்பது பேர் இருப்பதை இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

பத்தாண்டு அனுபவம், மாற்றலாகி வருகிறவர், மனைவிக்கும் வேலை உண்டு: இங்கே இரண்டு அலுவலகங்கள், இரண்டு நட்பு வட்டங்கள். நான்கையும் திருப்திப்படுத்த முடியாது. யாருடைய பயணம் கடினமோ, யார் வீட்டுக்கு முதலில் வந்து அடுப்பைப் பற்றவைக்கிறாரோ, அவருடைய அலுவலகத்துக்குப் பக்கமாக எடுங்கள். பெரும்பாலான வீடுகளில் இரண்டும் மனைவிதான். ஆனால் வீடு கணவரின் அலுவலகத்துக்குப் பக்கத்தில் இருக்கும்.

மாதம் இருமுறை ஊருக்குப் போகிறவர்கள் மூன்றாவதாக ஒரு தூரத்தையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். 2023 டிசம்பர் இறுதியில் கிளாம்பாக்கம் பேருந்து முனையம் திறக்கப்பட்ட பிறகு தென்மாவட்டப் பேருந்துகள் கோயம்பேட்டிலிருந்து அங்கே போய்விட்டன. மதுரை, திருநெல்வேலி, நாகர்கோவில் பக்கத்துக்காரர் அம்பத்தூரிலோ கொளத்தூரிலோ வீடு எடுத்தால், வெள்ளிக்கிழமை மாலை நகரத்தின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் போன பிறகுதான் ஊர்ப் பயணமே தொடங்கும். அவருக்குத் தாம்பரம், பெருங்களத்தூர் பக்கத்து நண்பர்கள் கூடுதல் மதிப்புள்ளவர்கள்.

தண்ணீர், மழை

வேலைக்குப் பக்கம் என்று முடிவு செய்தபின் வீட்டுக்காரரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி வாடகை பற்றியது இல்லை, தண்ணீர் பற்றியது. ஓ.எம்.ஆரில் ஏராளமான குடியிருப்புகள் லாரித் தண்ணீரை நம்பி இருக்கின்றன. 2019 ஜூனில் நகரம் வறண்டபோது அந்தச் சாலையில் இருந்த சில நிறுவனங்கள் ஊழியர்களை வீட்டிலிருந்தே வேலை பார்க்கச் சொல்ல வேண்டிவந்தது. "மெயின்டனன்ஸ்ல தண்ணியும் சேர்த்தியா, தனியா?" என்று கேளுங்கள். கோடையில் தனிக்கட்டணம் உண்டா என்றும் கேளுங்கள்.

மழைக்கும் ஒரு கேள்வி. 2015-இலும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் வேளச்சேரி, பள்ளிக்கரணை, முடிச்சூர் பகுதிகளில் வீடுகளுக்குள் தண்ணீர் நின்றது. வீட்டுக்காரர் "நம்ம தெருவுல நிக்காது" என்றுதான் சொல்வார். எதிர்வீட்டு இஸ்திரிக்காரரிடம் கேளுங்கள். சுவரில் எந்த உயரம்வரை வந்தது என்று கையை வைத்தே காட்டுவார். தரைத்தளம் மலிவாகக் கிடைக்கிறது என்றால் காரணம் இருக்கும்.

முதல் இரண்டு மாதம்

இத்தனைக்கும் பிறகு, வந்த வாரத்திலேயே வீடு எடுக்காதீர்கள். இரண்டு மாதம் ஏதாவது ஓர் ஆண்கள் விடுதியிலோ பெண்கள் விடுதியிலோ பி.ஜி.யிலோ இருங்கள், அது வேலைக்குப் பக்கத்தில் இருக்கட்டும். பெண்களுக்கு அரசின் தோழி விடுதி தாம்பரத்தில் இருக்கிறது, மனுப்போட்டுப் பார்க்கலாம். ஆண்களுக்குத் திருவல்லிக்கேணி மேன்ஷன்கள் தலைமுறை தலைமுறையாக இந்த வேலையைச் செய்துவருகின்றன. மெரினா காற்றும், மலிவான மெஸ்ஸும், பறக்கும் ரயிலும் அங்கே உண்டு. அறையின் அளவைப் பற்றி மட்டும் பேசக் கூடாது.

அந்த இரண்டு மாதத்தில் நண்பர் வீட்டில் சில வாரநாள் இரவுகள் தங்கி, அங்கிருந்தே அலுவலகம் போய்ப் பாருங்கள். ஞாயிற்றுக்கிழமை ஒத்திகை பார்த்துவிட்டு "முப்பத்தஞ்சு நிமிஷம்தான்டா" என்று முடிவு செய்யாதீர்கள். செவ்வாய்க்கிழமை காலையிலும் வெள்ளிக்கிழமை மாலையிலும் போக வேண்டும். அதோடு, அந்த நாட்களில் நண்பர்கள் எத்தனை மணிக்கு வீடு திரும்புகிறார்கள், திரும்பியபின் பேசுகிறார்களா, ஆளுக்கொரு மூலையில் கைப்பேசியோடு படுத்துவிடுகிறார்களா என்பதையும் கவனியுங்கள். இரண்டாவது என்றால் அந்த வீட்டுக்காக ஒரு நிமிடம்கூடக் கூடுதலாகப் பயணம் செய்யத் தேவையில்லை.

பிறகு ஒப்பந்தம். 2017-இல் இயற்றப்பட்டு 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டம், எழுத்து மூலமான ஒப்பந்தத்தைக் கட்டாயமாக்கியிருக்கிறது. அதைப் பதிவும் செய்ய வேண்டும். வேறு உடன்பாடு இல்லாத பட்சத்தில் முன்பணம் மூன்று மாத வாடகைக்கு மேல் போகக் கூடாது என்கிறது. "வேறு உடன்பாடு இல்லாத பட்சத்தில்" என்ற ஓட்டை வழியாகப் பத்து மாத முன்பணம் என்ற பழைய சென்னை வழக்கம் இன்னும் உயிரோடு இருக்கிறது. பேசிக் குறைக்க முடியும். முன்னறிவிப்பு ஒரு மாதம் என்று எழுதச் சொல்லுங்கள். 'லாக்-இன்' என்று ஏதாவது இருந்தால் எத்தனை மாதம், அதற்குள் காலிசெய்தால் எவ்வளவு பிடிப்பார்கள், வெள்ளையடிக்க எவ்வளவு என்பதையும் எழுத்தில் வாங்குங்கள்.

பிராஜெக்ட் மாறலாம், நண்பருக்குக் கல்யாணம் ஆகலாம், உங்களுக்கே மனம் மாறலாம். முதல் ஆண்டில் வீடு மாற்ற வேண்டிவரும் என்று வைத்துக்கொண்டே கையெழுத்துப் போடுங்கள். பத்து மாத முன்பணத்தில் இம்மியும் குறைக்க மாட்டேன் என்கிற வீட்டை, அது அலுவலக வாசலிலேயே இருந்தாலும், நண்பரின் மாடியிலேயே இருந்தாலும், முதல் ஆண்டில் எடுக்காதீர்கள்.